கொம்பியூட்டர் எழும்ப ஏன் இவ்வளவு நேரம்?

இந்தத் தவணை தொடங்கியதிலிருந்து பெற்றோர் எங்களிடம் அதிகம் கேட்ட கேள்வி பரீட்சை பற்றியதல்ல. "சேர், மகள் ஐசிடி எடுத்திருக்கா. ஊட்டுல இருக்கிற கொம்பியூட்டர் எழும்பவே அஞ்சு நிமிஷம் செல்லுது. கடையில கேட்டா புரொசசர் பழசாம், ஐ ஃபைவ், ஐ செவன் ஒண்டு எடுக்கச் சொல்றாங்க. என்ன செய்யிற?" இப்படி வந்தவர்களில் ஒரு உம்மா காப்பை அடகு வைக்கலாமா என்ற யோசனையில் இருந்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் பாடசாலையில் இந்தப் பாடத்தைப் படிப்பிக்கும் நாங்கள் இருவரும் சேர்ந்து இங்கே எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

அவசரக்காரர்களுக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காப்பு கையிலேயே இருக்கட்டும். மாற்ற வேண்டியது அநேகமாக உள்ளே இருக்கும் ஹாட் டிஸ்க் ஒன்றுதான்.

பவர் பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முதலில் விழிப்பது வின்டோஸ் அல்ல. மதர்போர்டில் ஒட்டியிருக்கும் ஒரு சிறிய சிப்பில் உள்ள செய்நிரல்தான் முதலில் ஓடும். பழைய மெஷின்களில் அதன் பெயர் பயோஸ், புதியவற்றில் யூஈஎஃப்ஐ. ரேம் இருக்கிறதா, கீபோர்ட் இருக்கிறதா என்று அது ஒரு சுற்றுப் பார்க்கும். பிறகு எந்த டிஸ்க்கில் வின்டோஸ் இருக்கிறது என்று தேடிப்பிடித்து வேலையை அதனிடம் ஒப்படைக்கும். இதற்குப் பெரும்பாலும் சில செக்கன்கள் போதும். நேரத்தைத் தின்பது அதற்குப் பிறகு வருவது. வின்டோஸின் கரு ரேமுக்குள் ஏற வேண்டும். பின்னால் திரைக்கு, சத்தத்துக்கு, நெட்வேர்க்குக்கு என்று ஒவ்வொரு ட்ரைவர். அதன் பின்னால் சேவைகள், எழுத்துருக்கள், அமைப்புகள். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகள் டிஸ்க்கின் பல மூலைகளிலிருந்து எடுத்து வரப்பட வேண்டும்.

இங்கேதான் கணக்கு வருகிறது. சாதாரண டெஸ்க்டொப் ஹாட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும், அதாவது செக்கனுக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன். நாம் கேட்ட துண்டு வாசிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும், அது 4.2 மில்லிசெக்கன். அந்த முனை சரியான தடத்துக்கு நகர்ந்து போக ஏறத்தாழ இன்னும் 9 மில்லிசெக்கன். ஆக ஒரு துண்டுக்குச் சுமார் 13 மில்லிசெக்கன், செக்கனுக்கு 75 துண்டு. இப்படிச் சிதறிக் கிடக்கும் 10,000 துண்டுகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் இரண்டு நிமிடத்துக்கு மேல் போய்விடும். பல லெப்டொப்களில் இருக்கும் 5400 சுற்று டிஸ்க் இதைவிட மெதுவானது.

எஸ்எஸ்டியில் சுழல்வதற்கு எதுவும் இல்லை. நகரும் முனையும் இல்லை. எல்லாம் சிப். ஒரு துண்டை எடுக்க ஏறத்தாழ 0.1 மில்லிசெக்கன். அதே 10,000 துண்டுக்கு ஒரு செக்கன்.

புரொசசரின் பக்கம் நின்று பார்த்தால் இன்னும் வேடிக்கையாக இருக்கும். 3 கிகாஹேர்ட்ஸ் புரொசசர் ஒன்றுக்கு 13 மில்லிசெக்கன் என்பது 3 கோடி 90 இலட்சம் துடிப்புகள். ஒரு துண்டு வந்து சேரும் வரைக்கும் அதில் பெரும்பகுதி சும்மா போகிறது. வீடு கட்டும் இடத்தில் கெட்டிக்கார மேசன் ஒருவர் கரண்டியோடு நிற்கிறார், கூலியாள் ஒவ்வொரு கல்லையும் ஒவ்வொரு தெருவிலிருந்து நடந்து போய் எடுத்து வருகிறார் என்று நினைத்துப் பாருங்கள். அந்த மேசனை நிறுத்திவிட்டு அவரைவிட இரண்டு மடங்கு வேகமான மேசனைக் கூட்டி வந்தால் சுவர் சீக்கிரம் எழும்புமா? கடைக்காரர் ஐ செவன் எடுக்கச் சொல்வது இந்தக் கதைதான்.

தரம் 10 பிள்ளைகள் இதை நம்பவில்லை. படிப்பித்ததை நம்பாமல் சோதித்துப் பார்க்கிற பிள்ளைகள்தான் எங்களுக்கு விருப்பம், எனவே போட்டி ஒன்று வைத்தோம். ஒரு பக்கம் 2012-ஆம் ஆண்டு ஐ த்ரீ மெஷின், உள்ளே எஸ்எஸ்டி. மறு பக்கம் அதைவிடப் பல வருடம் புதிய ஐ ஃபைவ், உள்ளே அதனோடு வந்த ஹாட் டிஸ்க். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டு, பிரவுசர் திறந்து ஒரு பக்கம் தெரியும் வரைக்கும் ஃபோனில் நேரம் பிடித்தார்கள். கிழவன் 38 செக்கன். இளையவன் மூன்று நிமிடத்தைத் தாண்டியும் நீல வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். பின்வாங்கில் இருந்த ஒரு மகன் கேட்டான்: "மறுகா என்னத்துக்கு சேர் சல்லி குடுத்து ஐ ஃபைவ் வாங்குற?" நல்ல கேள்வி. வீடியோ எடிட் செய்ய, பெரிய கணக்குகள் ஓட்ட அது உதவும். எழும்புவதற்கு அல்ல.

இது எங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகிப் போனது என்றால், ஒரு பாடவேளை 40 நிமிடம். எங்கள் கணினி அறையில் 22 மெஷின்கள் இருக்கின்றன. பழைய நிலையில் அவை எழும்பி, மௌஸ் சொல் கேட்கும் நிலைக்கு வர 7 நிமிடம் எடுத்தன. வாரத்துக்கு மூன்று பாடவேளை உள்ள வகுப்புக்கு 21 நிமிடம் நட்டம். இரண்டு வாரத்தில் ஒரு முழுப் பாடவேளை காணாமல் போகிறது. வீட்டில் கொம்பியூட்டர் உள்ள பிள்ளைக்கு இது பெரிய விஷயமல்ல. கீபோர்டைத் தொடும் ஒரே இடம் இந்த அறைதான் என்று இருக்கும் பிள்ளைக்கு, அதுவும் இரண்டு பேருக்கு ஒரு மெஷின் என்ற நிலையில், அந்த 7 நிமிடம் மிகப் பெரிய விஷயம்.

இந்தக் கணக்கை முன்பே ஒருவர் போட்டிருக்கிறார். 1983-இல் முதல் மெக்கின்டோஷைத் தயாரித்துக்கொண்டிருந்த நாட்களில், அது எழும்ப அதிக நேரம் எடுக்கிறது என்று ஸ்டீவ் ஜொப்ஸ் லெரி கெனியன் என்ற பொறியியலாளரிடம் போய் நின்றார். இதை 50 இலட்சம் பேர் பாவித்தால், ஆளுக்கு 10 செக்கன் குறைத்தாலே நாளொன்றுக்கு 5 கோடி செக்கன் மிச்சம், வருடக் கணக்கில் பார்த்தால் அது பல மனிதர்களின் முழு ஆயுள் என்பது அவருடைய வாதம். அந்தக் குழுவில் இருந்த அன்டி ஹேட்ஸ்ஃபெல்ட் இதைப் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். கெனியன் உண்மையிலேயே நேரத்தைக் குறைத்துக் காட்டினார். ஜொப்ஸுக்கு 50 இலட்சம் பேர், எங்களுக்கு 22 மெஷின், அவ்வளவுதான் வித்தியாசம்.

கட்டாரில் இருக்கும் பழைய மாணவர்கள் கணினி அறைக்கென்று பணம் அனுப்பியபோது, அதில் இரண்டு புதிய மெஷின் வாங்கலாம் என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பேச்சு வந்தது. 2022-இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறிய பிறகு இறக்குமதிச் சாமான்களின் விலை எங்கே போய் நின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். அதே பணத்தில் 22 மெஷினுக்கும் 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, குறைவாக இருந்தவற்றுக்கு ரேமும் கூட்டலாம் என்று நாங்கள் சொன்னோம். ஆனால் எஸ்எஸ்டி என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். பெட்டிக்குள் போய்விட்டால் யாருக்கும் தெரியாது. முன்னால் நின்று படம் எடுக்க முடியாது, ரிப்பன் வெட்ட முடியாது. இரண்டு கூட்டம் பேசினோம். கடைசியில் அந்த 38 செக்கன் போட்டியைத் தலைவருக்கு முன்னாலேயே நடத்திக் காட்டிய பிறகுதான் சம்மதம் கிடைத்தது. ஸ்க்ரூ ட்ரைவர் பிடித்தவர்கள் தரம் 11 பிள்ளைகள்.

"ஃபோன் உடனே திறக்குதே, அது எப்பிடி?" என்றும் கேட்கிறார்கள். ஃபோனை நாம் நிறுத்துவதே இல்லை. அது தூங்குகிறது, திரையைத் தொட்டதும் கண் விழிக்கிறது. உண்மையாகவே ஓஃப் செய்து ஒன் செய்து பாருங்கள், அதுவும் நேரம் எடுக்கும். லெப்டொப்பிலும் ஸ்லீப் கொடுத்தால் ரேமுக்கு மட்டும் மெல்லிய மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், மூடியைத் திறந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். 1981-இல் வந்த பிபிசி மைக்ரோ என்ற கொம்பியூட்டர் பிரித்தானியப் பாடசாலைகளில் பரவலாக இருந்தது. அது சுவிட்ச் போட்ட கையோடு தயாராகிவிடும். அதன் இயங்குதளமும் பேசிக் மொழியும் சிப்பிலேயே எழுதப்பட்டிருந்தன. எடுத்து வர ஒன்றுமில்லை, காத்திருக்கவும் ஒன்றுமில்லை.

2012-இல் வின்டோஸ் 8-உடன் மைக்ரோசொப்ட் கொண்டுவந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் ஏறத்தாழ இந்த வழிதான். ஷட் டவுன் கொடுக்கும்போது வின்டோஸின் கருவை முழுதாகக் கலைக்காமல் அப்படியே டிஸ்க்கில் ஒரு கோப்பாக எழுதி வைக்கும், அடுத்த தடவை அதைத் தூக்கி ரேமில் வைக்கும். அதனால் ஷட் டவுன் செய்து போடுவது முழுமையான புதுத் தொடக்கம் அல்ல. ஏதாவது கோளாறு என்றால் ரீஸ்டார்ட் கொடுங்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். இன்னொன்று, கரண்ட் போய் மெஷின் திடீரென்று நின்றால் அந்தக் கோப்பு எழுதப்பட்டிருக்காது. அடுத்த தடவை முழு நேரமும் எடுத்துத்தான் எழும்பும், சிலவேளை டிஸ்க்கைச் சோதிக்கவும் தொடங்கும். 2022 மின்வெட்டுக் காலத்தில் யூபிஎஸ் இல்லாத அறையில் ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை இதை அனுபவித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

எஸ்எஸ்டி போட்டும் மெதுவாக இருந்தால், அல்லது இப்போதைக்கு அதற்கும் வசதியில்லை என்றால், கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மெனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்டப் என்ற பகுதியில், வின்டோஸோடு சேர்ந்து தாங்களும் எழும்பும் செயலிகளின் பட்டியல் இருக்கும். வீடியோ அழைப்புச் செயலி, கேம் செயலி, பிரிண்டரோடு வந்தது, எப்போதோ ஒரு பாட்டு இறக்கியபோது கூடவே வந்து ஒட்டியது எல்லாம் அங்கே இருக்கும். தேவையில்லாததை டிசேபிள் செய்யுங்கள், அழிந்துவிடாது. இரண்டு அன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். பென் ட்ரைவைக் குத்தியபடியே விடாதீர்கள், சில மெஷின்கள் அதில் வின்டோஸ் இருக்கிறதா என்று தேடி நிற்கும். ஒவ்வொரு தடவையும் எஃப்1 அழுத்தச் சொல்லித் திகதியும் பிழையாகக் காட்டினால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற நாணயம் போன்ற பெட்டரி தீர்ந்திருக்கலாம். அதன் விலை மிகக் குறைவு. ஒரு பிள்ளையின் வீட்டில் இதற்காக முழு மெஷினையே மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

எதற்கெடுத்தாலும் "போர்மட் பண்ணணும்" என்பதும் ஒரு வழக்கமாகிவிட்டது. போர்மட் செய்ததும் கொஞ்ச நாள் வேகமாகத் தெரியும், தேவையற்ற செயலிகள் போய்விட்டன அல்லவா. ஆனால் டிஸ்க் அதே 75 துண்டு டிஸ்க்தான். சில மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும், இடையில் குடும்பப் படங்கள் போனதுதான் மிச்சம்.

எஸ்எஸ்டி வாங்கும்போது விலை கூடிய என்விஎம்ஈ வகைதான் வேண்டும் என்று ஓட வேண்டாம். காகிதத்தில் அது பல மடங்கு வேகம். எழும்பும் நேரத்தில் சாதாரண சாட்டா எஸ்எஸ்டிக்கும் அதற்கும் சில செக்கன் வித்தியாசம்தான் தெரியும், பழைய மதர்போர்ட் பலவற்றில் அதற்கு இடமும் இல்லை. 4 ஜிபி ரேம் மட்டும் இருந்தால் மிச்சக் காசை அதற்குக் கொடுங்கள்.

புரொசசரின் வயது உண்மையாகவே முக்கியமாகும் இடம் ஒன்றும் உண்டு. வின்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்தது. 8-ஆம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் புரொசசர்களில் பெரும்பாலானவை வின்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. எங்கள் மெஷின்களில் பாதி அந்த வகை. அவற்றில் நான்கில் இப்போது லினக்ஸ் போட்டிருக்கிறோம். சாதாரண தரத்தில் வரும் விரிதாள், பஸ்கால் எல்லாம் அதில் ஓடுகின்றன. பிள்ளைகள் இரண்டு நாளில் பழகிவிட்டார்கள், பெரியவர்கள் இன்னும் ஸ்டார்ட் பட்டனைத் தேடுகிறார்கள். மிச்சத்தை டிசம்பர் விடுமுறையில் பார்ப்போம்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் காலை 9 மணியிலிருந்து 12 மணி வரை கணினி அறை திறந்திருக்கும். பழைய மெஷின் வைத்திருக்கும் பெற்றோர் கொண்டு வரலாம், என்ன குறை என்று பிள்ளைகளே பார்த்துச் சொல்வார்கள். மொனிட்டர் தேவையில்லை, பெட்டி மட்டும் போதும். உள்ளே இருக்கும் படங்களையும் ஆவணங்களையும் வேறு ஒன்றில் பிரதி எடுத்துவிட்டு வாருங்கள்.