வாளைத் தேய்க்காதீர்கள்

விக்டோரியா காலத்துப் பிரிட்டிஷ் காலாட்படையில் சிப்பாயின் துப்பாக்கி அரசாங்கத்துடையது. அதிகாரியின் வாளோ அவருடைய சொந்தப் பொருள். வாள்கடையிலோ, சீருடை தைத்தவரிடமோ கைக்காசு போட்டு வாங்கியாக வேண்டியிருந்தது. மாதிரி மட்டும் ராணுவ விதிப்படி. எஃகின் தரம், அலகில் பொறிக்கும் குடும்பச் சின்னம், பெயரின் முதலெழுத்துகள் எல்லாம் அவரவர் விருப்பத்தையும் வசதியையும் பொறுத்தவை. அதனால் ஒரே மாதிரி என்று பெயர் பெற்ற இரண்டு வாள்களை அருகருகே வைத்தால் இரண்டு வெவ்வேறு மனிதர்கள் தெரிவார்கள். நான் அந்தக் காலத்து அதிகாரி வாள்களைச் சேர்ப்பது அந்த மனிதர்களுக்காகத்தான்.

இவற்றைவிடப் பகட்டான வாள்கள் உண்டு. 1803இல் தொடங்கிய லாயிட்ஸ் தேசபக்தி நிதி, நெப்போலியன் போர்களில் தீரம் காட்டியவர்களுக்கு 100, 50, 30 பவுண்டு மதிப்பில் மூன்று தரமாக வாள் பரிசளித்தது. அலகில் நீலமும் பொன்னும் மின்னும். ஏலத்தில் வந்தால் நின்று பார்ப்பேன். ஆனால் என் மனம் சாதாரணக் கேப்டன் இடுப்பில் கட்டிய வாள் பக்கமே போகிறது.

காலத்தைக் கணிக்கக் கைக்காப்பிலிருந்து தொடங்குகிறேன். 1822 மாதிரியில் அது பித்தளைக் கம்பிகளால் ஆனது, பழைய தேவாலயச் சன்னல் போன்ற வேலைப்பாடு. அலகின் முதுகு உருண்டையான குழாய் போலிருக்கும். 1845இல் அந்த முதுகு போய், பக்கங்களில் பள்ளம் ஓடும் அலகு வந்தது. 1892இல் வெட்டுவதைவிடக் குத்துவதற்கென்றே நேரான, ஒடுங்கிய அலகு. 1895இல் பித்தளையும் போய், துளை வேலைப்பாடுள்ள எஃகுத் தகடு கைக்காப்பானது. அதன் உள்விளிம்பு சீருடையை உரசிப் பிய்த்ததால் 1897இல் அந்த விளிம்பைக் கீழே மடித்துவிட்டார்கள். அந்த மாதிரிதான் இன்றைய அணிவகுப்பு வரை வந்திருக்கிறது. ஆகவே, பித்தளைக் கைக்காப்பும் 1892 அலகும் சேர்ந்த வாளைக் கண்டால் உடனே நிமிர்ந்து உட்காருவேன். மூன்றே ஆண்டு ஆயுள் அந்தச் சேர்க்கைக்கு. பிறகு யாராவது இரண்டு வாள்களைப் பிரித்து ஒன்றாக்கியிருக்கலாம் என்ற சந்தேகமும் கூடவே எழும்.

சந்தேகத்தைத் தீர்க்கும் இடம் கைப்பிடியின் உச்சி. அலகின் வால் கைப்பிடிக்குள் புகுந்து, குமிழைத் துளைத்து வெளிவந்து, அங்கே அடித்துத் தட்டையாக்கப்பட்டிருக்கும். அந்தத் தலையும் சுற்றியுள்ள உலோகமும் ஒரே நிறத்தில் மங்கியிருந்தால் நல்லது. அரம் போட்ட கீறல், பளிச்சென்ற புது விளிம்பு தெரிந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். பழுது பார்க்கவும் திறந்திருக்கலாம், ஏமாற்றவும் திறந்திருக்கலாம். பிடியைச் சுற்றிய மீன்தோலில் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த பகுதியையும், அதன் மேல் ஓடும் முறுக்குக் கம்பியின் தளர்வையும் வேறு வேறாகப் பார்க்கக் கூடாது. தோல் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கக் கம்பி மட்டும் இறுக்கமாகப் புதிதாயிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்பேன்.

பிறகு அலகு. கைக்காப்பை ஒட்டிய இடத்தில் பித்தளை வில்லை ஒன்று பதிந்திருக்கும். வில்கின்சன் நிறுவனம் வளைத்தும் அடித்தும் சோதித்த அலகுகளில் அதை ஆறுமுனை நட்சத்திரத்தின் நடுவே பதித்தது. வாள் செய்த மற்றவர்களும் அதேபோல் பதித்தார்கள். வில்லை இருப்பதாலேயே தரமான அலகு என்று நம்பிவிட முடியாது. வில்கின்சனின் தனிச்சிறப்பு வேறு. 1850களின் நடுவிலிருந்து நல்ல அலகுகளின் முதுகில் வரிசை எண் பொறித்து, அதைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். நிறுவனம் 2005இல் வாள் செய்வதை நிறுத்திவிட்டது, பதிவேடுகள் பிழைத்திருக்கின்றன. எண்ணுக்கு நேராகத் தேதியும், பல இடங்களில் வாங்கியவர் பெயரும் கிடைக்கும். எண் இல்லாவிட்டால் பொறித்த முதலெழுத்துகளையும் சின்னத்தையும் வைத்துக்கொண்டு, 1839இலிருந்து வெளிவந்த ஹார்ட் ராணுவப் பட்டியலில் தேடலாம். மாதக்கணக்கில் தேடி ஒரு பெயர் கிடைக்கும்போது வரும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை.

அந்த எழுத்துகள் இருக்கும் ஆழம்தான் என்னை அஞ்ச வைக்கிறது. அமிலத்தால் அரித்த பொறிப்பு, உலோகத்தின் மேல்தோலில் மெல்லிய பனிப்படலம் போல நிற்கிறது. மின்விசைச் சக்கரத்தில் சில நிமிடம் பிடித்தால் போதும்: முதலில் இலைக்கொடிகள் மங்கும், பிறகு அரசியின் முத்திரை எழுத்து, கடைசியில் பெயர். பளபளக்கும் வாள் விற்பனைக்கு வரும்போது பலர் அதை நோக்கியே ஓடுகிறார்கள். நான் பழுப்பேறிய அலகையே எடுப்பேன். சிலர் துருக்குழிகளை மறைக்க நிக்கல் முலாம் பூசுவார்கள். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் முலாமுக்கு அடியில் குழிகள் பல்லிளிக்கும். பொறிப்பின் விளிம்புகளும் மழுங்கியிருக்கும்.

தேய்ப்பதால் அழியும் இன்னொரு தடயம் கூர். அணிவகுப்பு வாளின் வாய் மழுங்கல்தான். போருக்கு ஆணை வந்தால்தான் சாணை பிடித்தார்கள். 1914இல் படை திரட்டியபோதும் அதிகாரிகளின் வாள்கள் கூர்தீட்டப் போயின. அன்றைய சாணைக் கோடுகள் அலகின் மற்றப் பகுதியோடு சேர்ந்தே கறுத்திருக்கும். வீட்டில் யாரோ விளையாட்டாகத் தீட்டிய கோடுகள் வெளுத்துத் தனியாகத் தெரியும். மொத்தமாக மெருகேற்றிய வாளில் இந்த வேறுபாட்டை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பராமரிப்பில் நான் செய்வது கொஞ்சம்தான். கையுறை போட்டே தொடுகிறேன். விரலின் உப்பு ஒரு வாரத்தில் ரேகையைத் துருவாக எழுதிவிடும். புதிதாகப் படரும் செந்துருவை மட்டும் எண்ணெய் தொட்ட துணியால் எடுத்துவிட்டு, நுண்படிக மெழுகை மெல்லிதாகப் பூசுகிறேன். கறுத்து அடங்கிய பழைய துருவைத் தொடுவதில்லை. தோலுறை ஈரத்தை இழுத்துவைக்கும் என்பதால் அதில் அலகைச் செருகி வைப்பதில்லை. பக்கத்தில் தனியாக வைக்கிறேன். ஒவ்வொரு வாளுக்கும் ஒரு கோப்பு உண்டு: எண், பதிவேட்டுப் படி, பொறிப்பின் படங்கள், விற்றவர் சொன்ன கதை. கதையை வேறு மையில் எழுதுகிறேன், எனக்குப் பிறகு வாங்குபவர் அதைச் சான்று என்று எடுத்துக்கொள்ளாதபடி.