எண்பதாம் நம்பர் பொடி

பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை நிறுத்துப் போடும் பக்கத்து வீட்டுக்காரரிடம் தராசை இரவல் வாங்கி வந்து, திண்ணையில் வைத்துக் கறுப்புப் பொடியைக் கிலோ கிலோவாக நிறுத்தோம். தட்டில் மல்லிகை வாசம் இன்னும் விட்டுப்போகவில்லை. மூட்டை 25 கிலோ. பங்கு ஐந்து வீட்டுக்கு. பொடி விளக்கு வெளிச்சத்தில் நீலமும் பச்சையுமாக மினுங்கியது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து லேசாகத் தேய்த்தாலே தோல் எரியும். சிலிக்கன் கார்பைடு, எண்பதாம் நம்பர்.

சத்தியமங்கலத்தில் நாங்கள் ஐந்து பேர் கல் உருட்டுகிறோம். ரப்பர் உறை போட்ட சின்ன டிரம்மில் முக்கால் பாகத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கல், கல்லின் தலை மூழ்காத அளவு தண்ணீர், நாலைந்து கரண்டி பொடி. மூடி இறுக்கி, மோட்டார் வைத்து நிமிஷத்துக்கு 30, 40 சுற்று என மெதுவாக ஓட விட வேண்டும். இரவும் பகலும் ஒரு வாரம். பிறகு ஒட்டுப் பொடிகூட இல்லாமல் கழுவிவிட்டு 220ஆம் நம்பர் போட்டு இன்னொரு வாரம். அடுத்து 500. கடைசியில் அலுமினா மாவு. ஒரு மாதம் கழித்துத் திறந்தால், ஈரத்தில் மட்டும் காட்டிய நிறத்தைக் கல் காய்ந்த பிறகும் காட்டும். அந்த ஒரு நிமிஷத்துக்காக மாதம் முழுவதும் வீட்டில் கடகடவென்று சத்தம் கேட்டுக்கொண்டிருப்பதை எல்லோரும் பொறுத்துக்கொள்கிறார்கள்.

காட்டுக்குள் ஒரு கல்லைக்கூட நாங்கள் தொடுவதில்லை. 2013 முதல் அது புலிகள் காப்பகம். ஊருக்குள் பவானிக் கரையில் கிடப்பதில் ஒரு கைப்பிடி எடுப்போம். மற்றதெல்லாம் தோட்டத்துக்காரர்கள் உழவில் புரட்டி வரப்பில் குவித்து வைத்திருக்கும் வெங்கச்சங்கல். ஆற்றுக் கல்லை அதிகம் எடுக்க எனக்கு மனம் வருவதில்லை. நீலகிரியிலிருந்து பவானியும் மோயாறும் உருட்டிக்கொண்டு வந்த கல் அது. பவானிசாகர் அணையை 1955இல் கட்டி முடித்த பிறகு, மேலே உருளும் கல் அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஊர்க்கரையில் நாம் பொறுக்கும் மலைக்கல் பெரும்பாலும் அணைக்கு முந்தியது. அள்ளினால் ஆறு திரும்பக் கொண்டுவந்து போடாது.

கல் கிடைப்பது சுலபம், பொடிதான் கஷ்டம். நூறு கிராம் பாக்கெட்டாக வாங்கினால் கட்டுபடியாகாது. கோயமுத்தூரில் ஃபவுண்டரிக்கும் மோட்டார் பம்பு கம்பெனிக்கும் கிரானைட் பாலிஷுக்கும் இதே பொடி மூட்டை மூட்டையாகப் போகிறது. காந்திபுரத்தில் பஸ் இறங்கி ஒரு கடையில் கேட்டேன். "எந்த வேலைக்குங்க?" என்றார் கடைக்காரர். கூழாங்கல்லை மழமழப்பாக்க என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எதுக்கானாலும் பிரிச்சுத் தர முடியாதுங்க, முழு மூட்டைதான்" என்றார். அப்படித்தான் ஐந்து வீடு சேர்ந்தோம்.

நம்பர் என்பது சல்லடைக் கணக்கு. ஓர் அங்குல நீளத்துக்கு 80 கண் உள்ள சல்லடையில் பிரித்தெடுத்தது 80. நம்பர் ஏற ஏறப் பொடி நைசாகும். ஒரு நம்பரில் விழுந்த கோட்டை அடுத்த நம்பர் அழிக்க வேண்டும். வரிசையில் ஒன்று பிசகினாலும் கடைசியில் மினுமினுப்பு ஏறாது.

எங்களுக்குப் பிசகியது 220இல். வேறொரு கடையில் வாங்கிய மூட்டை. மூன்றாவது வாரம் திறந்தபோது எல்லாக் கல்லிலும் ஆழமான கீறல். மறுபடி ஓட்டினோம், மறுபடியும் கீறல். ஏழு வாரம் போன பிறகுதான், நைசுப் பொடிக்குள் பெரிய மணி கலந்திருக்கிறது என்று புரிந்தது. மூட்டையின் மேல் அச்சடித்த நம்பரை நம்பியது தப்பு. பொடியைச் சோதிக்கத் தெரிந்தவர் யார் என்று விசாரித்தபோது, எல்லோரும் ஒரே திசையைக் காட்டினார்கள்: காங்கயம்.

கோபி, பெருந்துறை, சென்னிமலை வழியாகப் போனேன். பெயர் போடக் கூடாது என்று கேட்டுக்கொண்ட அந்தக் கல் தீட்டுகிறவர் வீடு, சிவன்மலை கண்ணுக்குத் தெரிகிற ஒரு சிற்றூரில் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கவாட்டில் ஓடு போட்ட சாய்ப்பு. கால் எச்.பி. மோட்டார், பெல்ட், படுக்கைவாட்டில் சுழலும் வட்டத் தகடு. மேலே ஆணியில் கவிழ்த்துத் தொங்கும் பாட்டிலிலிருந்து ஆஸ்பத்திரி குளுக்கோஸ் டியூப் வழியாகத் தகட்டின் மேல் தண்ணீர் சொட்டுகிறது. சொட்டைக் கூட்டவும் குறைக்கவும் அந்தப் பிளாஸ்டிக் சக்கரமே போதும்.

குச்சியின் முனையில் அரக்கை இளக்கி, அதில் ஒரு நிலாக்கல்லை ஒட்டிக் கையில் வைத்திருந்தார். மேல்பக்கம் குவிந்து அடிப்பக்கம் தட்டையாக, பாதி வெட்டிய புளியங்கொட்டை மாதிரி வர வேண்டும். குச்சியை விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே தகட்டில் வைத்தார். கல்லைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். சத்தம் மாறியதும் கை தானாகத் தூக்கியது. கல்லைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்தபோது உள்ளே நீல வெளிச்சம் ஒன்று மிதந்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்தது. "இது நடுவுல நிக்கோணும். கொஞ்சம் சாய்ச்சு ஒட்டியிருந்தா ஓரத்துல போய்க் குந்திக்கும். அப்பறம் கல்லு வீண்தானுங்." கல்லுக்குள் வெளிச்சம் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று அரக்கில் ஒட்டும்போதே தெரிந்திருக்க வேண்டும். முப்பது வருஷமாக இந்த வேலை செய்கிறார்.

நான் கொண்டுபோன 220ஆம் நம்பர் பொடியை அவர் கையில் வாங்கவில்லை. "உள்ள கேளுங்" என்று வீட்டம்மாவைக் காட்டினார். பொடி அந்த அம்மாவின் பொறுப்பு.

அவர் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, என் பொடியில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினார். வாய்க்குள் எண்ண ஆரம்பித்தார். பத்து வருவதற்கு முன்பே அடியில் ஒரு கறுப்புப் படலம் விழுந்துவிட்டது. மேல் தண்ணீரை வேறு பாத்திரத்துக்கு இறுத்துவிட்டு, அடியில் கிடந்ததை விரலில் தொட்டு என் நகத்தின் மேல் தேய்த்தார். நறநறவென்றது. "இது உங்க 80, அம்மிணி. நைசு இன்னும் தண்ணியிலயே நிக்குது பாருங்." இறுத்த தண்ணீரைக் காட்டினார், அது இன்னும் சாம்பல் நிறமாகவே இருந்தது. "கெழங்கு மாவு எடுக்கறாப்பலதானுங். கலக்கி, எண்ணி, இறுத்து, திரும்பக் கலக்கி. நாலு தண்ணி பார்த்தா நாலு பொடி."

அவர் எண்ணிக்கையால் செய்வதற்கு இயற்பியலில் ஒரு விதி உண்டு. நுண்பொடியில் மணியின் விட்டம் இரண்டு மடங்கானால், தண்ணீரில் அமிழும் வேகம் நான்கு மடங்காகும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்தைக் காத்திருப்பு பிரித்துக் காட்டிவிடும். சல்லடையால் பிரிக்க முடியாத மிக நைசுப் பொடியைத் தொழிற்சாலைகளும் இப்படித் தண்ணீரில் படியவைத்துத் தரம் பிரித்திருக்கின்றன. அந்த அம்மா எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, மாமியார் சொல்லிக் கொடுத்தது. நாற்பது எண்ணினால் எது நிற்கும், நூறு எண்ணினால் எது நிற்கும் என்பதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். கொண்டுபோன பொடியை இனி வீசத் தேவையில்லை. பொறுமையிருந்தால் பிரித்துவிடலாம்.

"உங்க மாமியார் காலத்துல இந்தப் பொடி எங்கிருந்து வந்துதுங்கம்மா?" என்று கேட்டேன். மலையைக் கைகாட்டினார். "அப்பெல்லாம் குருந்தக்கல்ல இடிச்சதுதானுங்."

அந்தச் சொல்லில் என் மனம் நின்றுவிட்டது. சிவன்மலையைச் சுற்றியுள்ள பாறையில் குருந்தம் உண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைகளைப் பற்றி 1901இல் தனி நூலே வெளியிட்டார். சிவப்பாக இருந்தால் மாணிக்கம், நீலமாக இருந்தால் நீலக்கல். நிறம் இல்லாமல் மங்கிக் கிடந்தால், அந்தக் கல்லையே இடித்துப் பொடியாக்கி மற்றக் கற்களைத் தீட்டுவார்கள். பொடியை அரக்கோடு பிசைந்து வட்டமாக்கினால் அதுதான் பழைய சாணை. வைரத்தைத் தவிர, குருந்தத்தைவிடக் கடினமாக இயற்கையில் கிடைப்பது அரிது. இந்தத் தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் 'கொரண்டம்' ஆனது. 1891இல் அமெரிக்காவில் எட்வர்டு அச்செசன் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் கொளுத்தி, மின்னும் படிகம் ஒன்றைக் கண்டார். அது கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று நினைத்து, 'கார்பொரண்டம்' என்று பெயர் வைத்தார். அவர் நினைத்தது சரியில்லை, அது சிலிக்கன் கார்பைடு. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கோயமுத்தூர்க் கடையில் இன்றும் 'கார்பொரண்டம் பொடி' என்றுதான் கேட்கிறோம். நாம் கேட்கும் பெயருக்குள் சிவன்மலைக் கல்லின் பெயர் இருக்கிறது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திய எனக்கு, இதை ஒரு பிள்ளைக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லையே என்ற வருத்தம் அன்று முழுக்க இருந்தது.

நாங்கள் செய்யும் உருட்டலுக்கும் இந்த நாட்டில் மூத்த வழி ஒன்று இருக்கிறது. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் மணிகளைத் தோல் பைக்குள் எமரிப் பொடியோடும் தண்ணீரோடும் கட்டி, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, பத்துப் பதினைந்து நாள் மாற்றி மாற்றி உருட்டிக்கொண்டே இருப்பார்கள். பிறகு அந்த இடத்துக்கு மோட்டார் டிரம் வந்தது. கம்பாத்தைப் பற்றிச் சொன்னால் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அங்கே கல்லைத் தண்ணீரில்லாமல் சாணையில் பிடிக்கிறவர்களின் நுரையீரலில் தூசி படிந்து, சிலிக்கோசிஸ் என்ற தீராத நோய் வருவதை அகமதாபாத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறது. வெங்கச்சங்கல்லும் அகேட்டும் ஒரே சிலிக்கா. காங்கயத்துச் சாய்ப்பில் தொங்கும் அந்தக் குளுக்கோஸ் டியூபைச் சிக்கனத்துக்காக மாட்டிய பொருள் என்று நினைத்திருந்தேன். அது அவருடைய மூச்சு. பொடியைக் கொட்டும்போது மூக்கை மூடச் சொல்லியும், உருட்டிய குழம்பைக் காயவிடாமல் வழிக்கச் சொல்லியும் எங்கள் ஐந்து வீட்டுக்கும் வந்தவுடன் சொல்லிவிட்டேன். குழம்பைச் சாக்கடையில் ஊற்றினால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும் என்பது தனி.

காங்கயத்துக்காரருக்குக் கல்லுக்குக் கல் கூலி. வியாபாரி கல்லைக் கொடுத்து வாங்கிப் போகிறார், அது ஜெய்ப்பூருக்குப் போகிறது. பொடிக்கும் அரக்குக்கும் கரண்டுக்கும் செலவு இவருடையது. உடைந்தால் கூலி இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறான். "வாரச் சம்பளம் வருது, கண்ணு கெடறதில்ல. நானே போடான்னு சொல்லிட்டனுங்" என்றார். விற்கிற கடையில் கல்லின் பெயர், ஊரின் பெயர், எடை எல்லாம் எழுதியிருக்கும். தீட்டிய கையின் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை. இவர் பெயரை நானும் இங்கே எழுத முடியாமல் போனது எனக்கு உறுத்துகிறது. எழுதினால் வேலை கொடுக்கிறவர் வருத்தப்படுவார் என்று பயந்தார்.

திரும்பும்போது சென்னிமலையில் இறங்கி, நொய்யல் கரைக் கொடுமணலுக்குப் போனேன். சங்க நூலான பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பிறகு மற்றவர்களும் அகழ்ந்தார்கள், பேராசிரியர் கா. ராஜன் பல பருவம் இங்கே உழைத்திருக்கிறார். பச்சைக்கல்லுக்குப் படியூர், நீலக்கல்லுக்குச் சிவன்மலை, வெங்கச்சங்கல்லுக்கு அரசம்பாளையம் என்று அக்கம்பக்கத்திலிருந்தே கல் வந்திருக்கிறது. அங்கே கிடைத்தவற்றில் எனக்குப் பிடித்தது முழு மணிகள் அல்ல, முடியாத மணிகள்: சில்லு எடுத்தது, பாதி தேய்த்தது, துளை போடும்போது பிளந்தது. ஒவ்வொரு நிலையிலும் ஒன்று கிடைத்திருப்பதால்தான் இங்கே பட்டறை இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. அந்தப் பட்டறைக்காரர்களும் பொடியை நைசு, பெரிசு என்று பிரித்திருக்க வேண்டும். பிரிக்காமல் அந்த மினுமினுப்பு வராது. யாரோ ஒருவர் இந்த ஆற்றுத் தண்ணீரைச் சட்டியில் வைத்துக்கொண்டு எண்ணியிருப்பார்.

காங்கயத்திலிருந்து புறப்படும்போது அந்த அம்மா ஒரு துணி முடிச்சைக் கையில் வைத்து அழுத்தியிருந்தார். வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன். சுண்டுவிரல் நீளத்தில் பழுப்பான ஒரு கல். நடு பெருத்து, இரண்டு முனையும் சிறுத்து, ஆறு பட்டை. தோட்டத்து மண் இன்னும் பட்டைக்குள் ஒட்டியிருந்தது. குருந்தம்.

அடுத்த நாள் புது மூட்டையைப் பங்கு போட எல்லோரும் வந்தார்கள். நிறுப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் டம்ளரில் ஒரு கரண்டி கலக்கி, நாற்பது வரை சத்தமாக எண்ணினோம். பிறகு வரப்பில் பொறுக்கிய வெங்கச்சங்கல் ஒன்றை எடுத்து வைத்து, என் மகள் குருந்தக் கல்லின் முனையால் ஒரு இழுப்பு இழுத்தாள். விரலால் துடைத்துப் பார்த்தோம். கோடு அப்படியே நின்றது.