உறையூர்ச் சுருட்டும் ஆங்கில இலக்கியமும்

திருச்சியில் ஆங்கில இலக்கியம் படிப்பவனுக்கு இரு விதமான மரியாதை உண்டு. கல்யாண வீடுகளில் ‘பையன் இங்கிலீஷ் லிட்ரேச்சர்’ என்று யாரேனும் அறிமுகப்படுத்தும்போது கிடைப்பது ஒன்று. அடுத்த நிமிடமே, ‘அப்படியா தம்பி, இதைக் கொஞ்சம் நிரப்பிக் கொடு’ என்று ஒருவர் வங்கிப் படிவத்தை நீட்டும்போது கிடைப்பது மற்றொன்று. 1990களின் நடுவில் மூன்றாண்டுகள் இவ்விரண்டையும் குறைவின்றிப் பெற்றவன் நான். வீடு கே.கே. நகரில், கல்லூரி நகருக்குள். கல்லூரியின் பெயர் இங்கு வேண்டாம். சொல்லப்போகிறவற்றுள் சில அதற்குப் பெருமை சேர்ப்பன அல்ல.

இவ்வூரில் ஆங்கிலக் கல்விக்கு வயது அதிகம். நாகப்பட்டினத்தில் 1844இல் தொடங்கப்பட்ட புனித வளனார் கல்லூரி 1883இல் இங்கு வந்து சேர்ந்தது. தேசியக் கல்லூரி 1919இலும், ஜமால் முகமது கல்லூரி 1951இலும், பிஷப் ஹீபர் கல்லூரி 1966இலும் தோன்றின. 1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் உருவானது. தெப்பக்குளக் கரையில் ராபர்ட் கிளைவ் தங்கியதாகச் சொல்லப்படும் வீடுகூடப் பிற்காலத்தில் மாணவர் விடுதியாயிற்று. இத்தனை இருந்தும், எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு, சேக்சுபியரின் எதிரே முதல்முறையாக அமர்த்தப்பட்டவர்கள்.

துறையில் ஒரு விதி இருந்தது. வகுப்புக்குள் தமிழ்ச் சொல் ஒன்று வாயிலிருந்து விழுந்தால் ஒரு ரூபாய் அபராதம். நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கும். விளைவு என்னவென்றால், பேசத் தெரிந்த நான்கைந்து பேர் பேசினார்கள்; மற்றவர்கள் மூன்று ஆண்டுகளையும் வாய் திறவாமல் கழித்துவிடலாம் என்று கண்டுகொண்டார்கள். தேர்வுக்குக் கைடு இருந்தது. ‘மில்டனின் பெருநடை’ பற்றி நான்கு பக்கம் மனப்பாடமாக எழுதி முதல் வகுப்பு வாங்கியவன், விடுப்புக் கடிதத்தைப் பக்கத்து இருக்கைக்காரனிடம் கேட்டு எழுதினான். இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அந்த மாணவனின் அறிவில் எந்தக் குறையும் இல்லை. அவன் அறிந்திருந்த யாவும் அவ்வறைக்குள் அபராதத்துக்கு உரியவையாக இருந்தன, அவ்வளவே.

எங்கள் உண்மையான வகுப்பு கே.கே. நகரில் என் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது. தேர்வுக் காலங்களில் ஆறேழு பேர் கூடுவோம். ஒருவன் உரக்கப் படிப்பான், மற்றொருவன் தமிழில் சொல்வான், மூன்றாமவன் மறுப்பான். விமான நிலையம் அருகிலேயே இருப்பதால், விமானம் இறங்கும்போதெல்லாம் ஹாம்லெட் சற்று நிறுத்திக்கொண்டு பின்பு தொடர்வான். அங்கே அபராதம் இல்லை. ‘அப்பனைக் கொன்றவன் எதிரில் நிற்கிறான், இவன் இன்னும் யோசிக்கிறானே, ஏன்?’ என்று ஒரு நள்ளிரவில் எழுந்த வாதத்துக்கு இணையான ஒன்றைப் பிற்பாடு எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை.

அக்கூட்டத்தில் உறையூர் நண்பன் ஒருவன் இருந்தான். மாடியில் அவனே அதிகம் பேசுவான்; வகுப்பில் வருகைப் பதிவுக்கு மட்டும் குரல் கொடுப்பான். இரண்டாமாண்டின் தொடக்கத்தில், படிப்பை விட்டுவிட்டு மாமாவின் ஜவுளிக் கடையில் உட்காரப்போவதாகச் சொன்னான். வீட்டிலும் பேசி முடித்தாகிவிட்டது. மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி.

அப்போதுதான் புதிதாக வந்த பேராசிரியர் ஒருவர் ஆங்கில மன்றத்தின் பொறுப்பை ஏற்றார். மன்றம் அதுவரை, இன்னும் எவரும் கண்ணால் காணாத டாஃபடில் மலரைப் பற்றிய கவிதையை ஒப்பிப்பதற்கும், ஆண்டனியின் சொற்பொழிவை ஆண்டுதோறும் நடிப்பதற்கும் மட்டுமே பயன்பட்டு வந்தது. அவர் சொன்ன வேலை வேறு: ‘இந்த ஊரில் ஆங்கிலம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடி வாருங்கள். தேடும்போது தமிழில் பேசிக்கொள்ளலாம். சொல்லும்போது தமிழ் கலந்தாலும் தவறில்லை.’ அபராதம் என்ன ஆகும் என்று ஒருவன் கேட்டான். ‘என் கணக்கில் எழுதிக்கொள்’ என்றார்.

ஒரு குழு மாவட்ட மைய நூலகம் இருக்கும் மேலப்புலிவார்டு சாலையிலேயே தன் புதையலைக் கண்டது. புலிக்கும் அச்சாலைக்கும் தொடர்பில்லை. ‘புலவார்ட்’ என்ற சொல்தான் நம்மவர் வாயில் புலியாகிக் காலங்காலமாக உலவுகிறது. மற்றொரு குழு கண்டோன்மென்டில் உள்ள புனித யோவான் ஆலயத்துக்குப் போய் ரெஜினால்டு ஹீபரின் கல்லறையைப் பார்த்து வந்தது. கல்லூரியின் பெயராக மட்டுமே நாங்கள் அறிந்திருந்த அவர், 1803இல் ஆக்ஸ்போர்டில் ‘பாலஸ்தீன்’ என்ற கவிதைக்குப் பரிசு பெற்றவர். வால்டர் ஸ்காட் யோசனை சொல்லி அதில் சில வரிகளைச் சேர்க்கவைத்தார் என்பார்கள். கல்கத்தா பேராயராக இவ்வூருக்கு வந்தவர் 1826 ஏப்ரல் 3 அன்று குளிக்கச் சென்ற இடத்தில் இறந்துபோனார். ஆங்கிலக் கவிஞர் ஒருவர் எங்கள் பேருந்துத் தடத்தின் ஓரத்திலேயே புதைக்கப்பட்டிருந்தார். இரண்டாண்டுகளாக அதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

என் குழுவுக்கு ஷெர்லக் ஹோம்ஸ் வாய்த்தார். சுஜாதாவின் கணேஷ், வசந்த் வழியாக அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தோம். 1887இல் வெளிவந்த ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ நாவலில், கொலை நடந்த அறையின் தரையில் கிடந்த சாம்பலை வைத்தே, வந்தவன் குடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். கருமையாக, செதில் செதிலாக உதிரும் சாம்பல் அது. பின்னர் வந்த ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலில், 140 வகைப் புகையிலைகளின் சாம்பலைப் பற்றித் தாம் நூல் எழுதியிருப்பதாகவும் பெருமை பேசுகிறார். நான் இதைப் படித்துக் காட்டியபோது உறையூர் நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் தாத்தா உறையூரில் ஐம்பது ஆண்டுகளாகச் சுருட்டுச் சுற்றியவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

வெள்ளிக்கிழமை மன்றத்துக்கு அவன் மூன்று காகிதப் பொட்டலங்களோடு வந்தான். பீடிச் சாம்பல், சிகரெட் சாம்பல், தாத்தாவின் சுருட்டுச் சாம்பல். மேசைமேல் வெள்ளைத் தாளை விரித்து மூன்றையும் கொட்டி, ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினான். இலக்கணம் அங்கங்கே முறிந்தது. இலையின் நடுநரம்பைக் கிழித்து எடுப்பதற்குச் சொல் கிடைக்காமல் நின்றான். தமிழில் சொல்லிவிட்டு மேலே போனான். ஒருவரும் சிரிக்கவில்லை. இருபது நிமிடம் பேசினான். ஹோம்ஸ் சொன்னது ஏறத்தாழச் சரி என்றும், ஆனால் ஈரக்காற்றில் குடித்த சுருட்டின் சாம்பல் அவ்வளவு உதிராது என்றும் தீர்ப்புக் கூறினான்.

பேராசிரியர் எழுந்து கரும்பலகையில் ‘செரூட்’ என்று எழுதினார். இது எம்மொழிச் சொல் என்று கேட்டார். பிரெஞ்சு என்றோம். 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியை மேசைமேல் வைத்து, அதன் மூலம் தமிழ்ச் ‘சுருட்டு’ என்று காட்டினார். நண்பன் தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்ன சொற்களுள் ஒன்று, அவன் பாட்டன்மார் காலத்திலேயே கடல் கடந்து ஆங்கிலமாகியிருந்தது. அந்த ஒரு ரூபாயை யாரிடம் வசூலிப்பது என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

இதனால் அவன் ஒரே நாளில் ஆங்கிலப் புலவனாகிவிடவில்லை. அவ்வாண்டே ஒரு தாளில் தோற்றான். துறையின் விதியும் நாங்கள் வெளியேறும்வரை பலகையில் இருந்தது. ஆனால் மாற்றுச் சான்றிதழைப் பற்றி அவன் பிறகு பேசவில்லை. இன்று அரசுப் பள்ளியொன்றில் ஆங்கில ஆசிரியனாக இருக்கிறான்.

அவனை அந்நாவல் முழுவதையும் படிக்கவைத்தவர் தாத்தாதான். சாம்பல் எதற்கு என்று விசாரித்தவர், செய்தியைக் கேட்டுவிட்டு, ‘அவன் கொலைக்கு முன்னாடி குடிச்சானா, பின்னாடி குடிச்சானாடா?’ என்று கேட்டிருக்கிறார். இவனுக்குத் தெரியவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு பதினோரு இரவுகள் படித்தான். கைடு இல்லாமல் அவன் முடித்த முதல் ஆங்கிலப் புத்தகம் அது. பிறகு திண்ணையில் உட்கார்ந்து கதை முழுவதையும் தமிழில் சொன்னான்: பழிதீர்க்கப் புறப்பட்டவன் வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போதே பதற்றம் தணியச் சுருட்டைப் பற்றவைத்துக்கொள்கிறான்; அப்படியும் கை நடுங்குகிறது.

‘சுருட்டுக் குடிச்சும் கை நடுங்குச்சா?’ என்றாராம் பெரியவர். ‘அப்ப அது நம்ம ஊர்ச் சுருட்டா இருக்காது.’