பச்சரிசி தின்றால் மழை வருமா?

எங்கள் கல்யாணத்தன்று அம்பாசமுத்திரத்தில் அப்படி ஒரு மழை. பந்தல் ஒழுகி, பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "பொண்ணு சின்ன வயசுல பச்சரிசி தின்னிருப்பா, அதான்" என்று அத்தை சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தின்றது உண்மைதான் என்று தங்கமணி பிறகு ஒத்துக்கொண்டாள்.

பதினெட்டு வருஷம் கழித்து, மைசூர் வீட்டில் அவள் கைப்பையில் சில்லறை தேடியபோது ஒரு சின்ன டப்பா நிறைய பச்சரிசி கிடைத்தது. "இப்ப யார் கல்யாணத்துக்கு மழை வேணும்?" என்று கேட்டு நானே சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

முன்குறிப்பு: நான் பி.காம். படித்த பேங்க் ஆபீசர், டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள்.

இங்கே ஆஷாட வெள்ளி, நம்ம ஊர் ஆடி வெள்ளிக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஆரம்பித்துவிடும். சாமுண்டி மலைக்குப் படியேறிப் போவது அவளுடைய வருஷாந்திர வழக்கம். ஆயிரத்துச் சொச்சம் படி. பெரிய நந்தி இருக்கிற 700ஆவது படி வரை நிற்காமல் ஏறுகிறவள், போன வருஷம் இருநூறு தாண்டவில்லை. "நெஞ்சு படபடங்குது, நீங்க போயிட்டு வாங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். வயசாகிறது என்றேன். அதற்கு மூன்று மாதம் முன்பே அசதி என்று பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டி, டெஸ்ட் எதுவும் எடுக்காமல் ஒரு டானிக் பாட்டிலோடு திரும்பியிருந்தோம். அதுவும் தீர்ந்துபோயிருந்தது.

அடுத்துப் பார்த்த டாக்டரம்மா கன்னடக்காரர். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். பிறகு, "அக்கி திந்தீரா?" என்று கேட்டார். தினமும் சோறுதானே சாப்பிடுகிறோம் என்று நான் முழித்தேன். கன்னடத்தில் சோறு 'அன்ன', அரிசிதான் 'அக்கி'. தங்கமணிக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்தபடி கைப்பையைத் திறந்து காட்டினாள்.

அரிசி, ஐஸ் கட்டி, சாம்பல், மண் என்று எதையாவது மெல்லத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளங்களில் ஒன்றாம். அரிசி தின்பதால் ரத்தம் குறையும் என்று நம்ம ஊரில் சொல்வோமே, பெரும்பாலும் அது தலைகீழ்.

ரிப்போர்ட் வந்தது. ஹீமோகுளோபின் 7.1. பெண்களுக்கு 12க்குக் கீழ் போனாலே ரத்தசோகை. பெரிட்டின் வெறும் 4. எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்: ஹீமோகுளோபின் கையிருப்புப் பணம், பெரிட்டின் டெபாசிட். செலவு கூடினால் உடம்பு முதலில் டெபாசிட்டைத்தான் உடைக்கும். கையிருப்பு குறைகிற சமயத்தில் டெபாசிட் ஏற்கனவே காலி. ரத்தத்தில் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு "பரவாயில்லை, 11 இருக்கு" என்று எழுந்து வருவது, சேமிப்புக் கணக்கை மட்டும் பார்த்து லோன் கொடுப்பது மாதிரி.

நம் உடம்பு இரும்பு விஷயத்தில் படுகஞ்சன். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். செத்த அணுவிலிருந்து இரும்பைப் பிரித்தெடுத்துப் புது அணுவுக்குக் கொடுத்துவிடும். வெளியிலிருந்து வருகிற வரவு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். ஆனால் இரண்டு மில்லி ரத்தம் வெளியே போனால் ஒரு மில்லிகிராம் இரும்பு போச்சு. இந்த வரவு செலவைப் பார்த்தாலே, டாக்டரம்மா ஏன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் முதலில் மாதவிலக்கைப் பற்றிக் கேட்டார் என்பது புரியும். இரண்டு வருஷமாக மாதம் எட்டு நாள் போக்கு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு அது தெரியாது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி தெரிந்தது.

போக்கை நிறுத்த ஒரு வைத்தியம், காலியான கணக்கை நிரப்ப டிரிப்ஸில் இரும்பு. அதன்பிறகு மாத்திரை. மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்துகிறவர்கள் அதைவிட நிறைய. டெபாசிட் நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது ஆகும்.

அடுத்தது, மைசூரில் உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடாத விஷயம்: காபி. 1983ல் வந்த ஓர் ஆய்வு, சாப்பாட்டோடு குடிக்கிற ஒரு கப் காபி இரும்பு உள்ளே போவதை 39 சதவீதம் குறைக்கிறது என்றது. டீ 64 சதவீதம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காபியால் பாதிப்பில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால், கூடவே குடித்த அதே பாதிப்பு. நாமோ இட்லி முடிந்த கையோடு டம்ளரைத் தேடுகிற சாதி! இப்போது எங்கள் வீட்டில் காபி விடிகாலை ஐந்தரைக்கு. மாத்திரை எலுமிச்சை ஜூஸோடு. பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் சம்பந்தமில்லை என்று என் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தியா முழுக்க 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 53. பாதிக்கு மேல்! அதனாலேயே வீட்டில் யாரும் அதை வியாதியாக மதிப்பதில்லை.

என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் அவருக்கு 63 வயதில் ரத்தம் குறைந்தது. மூலமாக இருக்கும் என்று அவரே முடிவு செய்து, ஒரு வருஷம் இரும்பு மாத்திரை விழுங்கினார். மாத்திரை நன்றாகவே வேலை செய்தது, அதுதான் கொடுமை. எண் ஏறியது, எல்லோரும் நிம்மதியானோம். டெபிட் எங்கே என்று பார்க்காமல் கணக்கில் பணம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறோம். பெருங்குடலில் கட்டி என்று தெரிந்தபோது அது ஈரலுக்குப் போயிருந்தது. ஆண்களுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் வயிற்றிலும் குடலிலும் எங்கே ரத்தம் கசிகிறது என்று முதலில் தேட வேண்டுமாம். எனக்கு இது தெரிந்தது அவருடைய முதல் திவசத்துக்குப் பிறகு.

இதற்கு நேர்மாறாக, இரும்பே தேவைப்படாத ரத்தசோகையும் உண்டு. மச்சினன் மகளுக்கு (அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்) ஹீமோகுளோபின் எப்போதும் பத்தரை. இரண்டு வருஷம் மாத்திரை சாப்பிட்டும் நகரவில்லை. அணுக்கள் ரொம்பச் சின்னது, ஆனால் எண்ணிக்கை வழக்கத்தைவிட அதிகம், பெரிட்டினும் சரி. ஹெச்.பி.எல்.சி. என்ற டெஸ்டில் தலசீமியா 'டிரெய்ட்' என்று தெரிந்தது. வியாதி இல்லை, வெறும் சுமப்பவர். வைத்தியமும் வேண்டாம். ஆனால் கட்டிக்கொள்கிறவரும் சுமப்பவராக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு கடும் தலசீமியா வர வாய்ப்பு. மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டிய வியாதி அது. மாமன் மகனுக்குப் பேசி வைத்திருக்கிறார்கள், சொந்தத்தில் வாய்ப்பு கூடுதல். "வெளிய சொல்லிடாதீங்க" என்றார் மச்சினன். மாப்பிள்ளைக்கும் அதே டெஸ்ட் எடுங்கள் என்று நான் சண்டை போட்டு, இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. எடுத்தார்கள். அவனுக்கு இல்லை.

பரம்பரையாக வருவதில் இன்னொன்று, மைசூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. எச்.டி. கோட்டே பக்கம் கிளையில் இருந்தபோது, சுய உதவிக் குழுக் கடனுக்கு வரும் ஜேனு குருபர் பெண் ஒருவர், "பையன் கை கால் வலின்னு அழறான், ஸ்கூல்ல சோம்பேறிங்கறாங்க" என்பார். அரிவாள் செல் என்ற பெயரை அப்போது நான் கேட்டதில்லை. சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து, மெல்லிய குழாய்களில் அடைத்துக்கொள்வதால் வருகிற வலி அது. இந்தியாவில் இதை முதலில் எழுதியது 1952ல், மைசூரிலிருந்து பந்திப்பூர் தாண்டினால் வருகிற நம்ம நீலகிரியின் பழங்குடிகளைப் பற்றி. நிறையத் தண்ணீர், தடுப்பூசி, ஹைட்ராக்சியூரியா மாத்திரை என்று கவனித்தால் வலி வருவதைக் குறைக்கலாம். 2023 ஜூலை 1ஆம் தேதி இதை 2047க்குள் ஒழிக்க மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது, ஏழு கோடிப் பேருக்குப் பரிசோதனை என்று இலக்கு. அந்தப் பையனுக்கு இப்போது இருபது வயதிருக்கும். அவனுக்கு அதுதானா என்று தெரியாது. அந்த அம்மாவிடம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தவணையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தங்கமணிக்குப் போன மாதம் 12.3. பெரிட்டின் 48. இந்த ஆஷாடத்தில் நந்தி வரை நிற்காமல் ஏறிவிட்டாள். நான்தான் ஐந்நூறாவது படியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலேயிருந்து திரும்பிப் பார்த்து, "என்னங்க, நீங்க எப்ப டெஸ்ட் எடுக்கறீங்க?" என்றாள்.

திங்கட்கிழமை எடுக்கிறேன்.