படத்தின் பின்பக்கம்



சிலர் முத்திரை சேர்ப்பார்கள். சிலர் பழைய நாணயம் சேர்ப்பார்கள். எங்கள் வீட்டில் அண்ணாவும் நானும் சேர்க்கத் தொடங்கியது விண்வெளி வீரர்கள் கையெழுத்து வைத்த படங்களை. தொடங்கினோம் என்றுதான் சொல்லலாம். ஒன்றுக்கு மேல் சேரவில்லை.

இந்த ஆசைக்கு அப்பாதான் காரணம். உலகில் முதன்முதலாக விண்வெளிக்குச் சென்ற யூரி ககாரின் அதே ஆண்டு, 1961 டிசம்பரில், இலங்கைக்கு வந்தார். பேராதனைப் பூங்காவில் ஒரு மரமும் நாட்டினார். அப்போது கொழும்பில் கிளாக்கராக இருந்த அப்பா தெருவோரக் கூட்டத்தில் நின்று அவரைக் கண்டவர். “கிட்டத்தான் போனவர். கையில ஒரு துண்டுக் கடுதாசி இருந்திருந்தால் கையெழுத்து வாங்கியிருப்பன்” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1983 ஜூனில் சாலி ரைட் ‘சலஞ்சர்’ விண்ணோடத்தில் பறந்தார். அமெரிக்காவிலிருந்து விண்வெளிக்குப் போன முதல் பெண் அவர். எனக்கு அப்போது பதினொரு வயது. “பொம்பிளைப் பிள்ளையளும் போகலாமோ அண்ணா?” என்று கேட்டேன். அண்ணா சிரித்தார். இருபது வருசத்துக்கு முன்னமே ஒரு பெண் போய் வந்துவிட்டா என்று சொல்லி, வலன்ரீனா தெரஷ்கோவாவின் கதையைச் சொன்னார்.

தெரஷ்கோவாவுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது தகப்பன் போரில் இறந்துபோனார். தாய் தனியாக மூன்று பிள்ளைகளை வளர்த்தார். மகளும் தாயைப் போலவே நெசவு ஆலையில் வேலைக்குப் போனாள். ஓய்வு நேரத்தில் பரசூட்டில் குதிக்கப் பழகினாள். அந்தப் பழக்கமே அவளைத் தெரிவு செய்யக் காரணமாயிற்று. 1963 ஜூன் 16 ஆம் திகதி தனி ஆளாக விண்வெளிக்குப் போய், பூமியை 48 தடவை சுற்றி வந்தாள். கணவனை இழந்த ஒரு தாயின் பிள்ளை அவள் என்பதை அந்த வயதில் நான் பெரிதாக நினைக்கவில்லை. பின்னர் பல தடவை நினைத்திருக்கிறேன்.

1984 இல் அண்ணா எனக்காக சாலி ரைட்டுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதக்கூடாது, காசு கேட்கக்கூடாது, நன்றி சொல்ல மறக்கக்கூடாது என்பவை அவருடைய விதிகள். நான் தினமும் தபால்காரரின் மணிச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். நாலு மாதம் கழித்து ஒரு பெரிய கடித உறை வந்தது. உள்ளே நீலச் சீருடையில் சிரித்தபடி அவர். கீழே கறுப்பு மையில் கையெழுத்து. அண்ணா படத்தைத் திருப்பி, பென்சிலால் எழுதினார்: “தங்கச்சிக்கு. 12.9.1984. அடுத்தது தெரஷ்கோவா.”

அடுத்தது வரவேயில்லை. 1990 இல் ஷெல் விழுந்து அண்ணா இறந்தார்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி, மழைக்குள் வீட்டை விட்டு வெளிக்கிட்டோம். அம்மா காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்தா. நான் அந்தப் படத்தை இரண்டு கொப்பிகளுக்கு நடுவில் வைத்து, பொலித்தீன் பையால் சுற்றி எடுத்தேன். “இந்த நேரத்தில வெள்ளைக்காரியின்ர படம் உனக்கு எதுக்கு?” என்று அம்மா பேசினா. நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும்போது அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். திரும்பி வந்தபோது வீட்டில் கூரையும் இல்லை, அல்பங்களும் இல்லை, அண்ணாவின் கொப்பிகளும் இல்லை.

பல வருடங்களின் பின்னர்தான், இப்படியான படங்களைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு தலையிடி உண்டு என்று வாசித்தேன். ஆயிரக்கணக்கான கடிதங்களுக்கு ஒருவர் கையாலேயே பதில் போட முடியாது என்பதால், கையெழுத்துப் போடும் இயந்திரங்களும் பாவிக்கப்பட்டனவாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இரண்டு படங்களின் கையெழுத்துகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். அச்சொட்டாகப் பொருந்தினால் அது இயந்திரம். மனிசக் கை ஒரே கையெழுத்தை இரண்டு தரம் ஒரே மாதிரிப் போடாது.

என்னிடம் இருப்பது ஒரே படம். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது இல்லை. முதலில் மனம் சோர்ந்தது. பிறகு படத்தைத் திருப்பினேன். பென்சில் எழுத்து கொஞ்சம் மங்கியிருந்தது. ‘தங்கச்சி’யில் ‘ங்’கன்னாவை அண்ணா எப்போதும் கோணலாகத்தான் எழுதுவார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. முன்பக்கம் யார் எழுதியதாகவும் இருக்கட்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இன்னொரு செய்தியும் வாசித்தேன். 1969 இல் அப்பலோ 11 இல் நிலவுக்குப் புறப்பட்ட ஆம்ஸ்ரோங், ஓல்ட்ரின், கொலின்ஸ் மூவரும் போவதற்கு முன் ஏராளமான தபால் உறைகளில் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்கள். அப்படிப்பட்ட பயணத்துக்குப் போதிய ஆயுள் காப்புறுதி எடுக்க அவர்களுடைய வருமானம் இடம்கொடுக்கவில்லை. தாங்கள் திரும்பாவிட்டால் மனைவி பிள்ளைகள் அந்த உறைகளை விற்றுச் சீவிக்கட்டும் என்பது எண்ணம். மூவரும் ஜூலை 24 இல் பத்திரமாகத் திரும்பினார்கள். ஆனாலும் அந்த எட்டு நாளும் அவர்களுடைய வீட்டுப் பெண்களின் மனம் எப்படி இருந்திருக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. உங்களுக்கும் தேவையில்லை.

சகோதரிகளே, உங்களிடமும் ஒன்றிரண்டு படங்கள் மிஞ்சியிருக்கும். அவற்றை வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், மை வெளிறிவிடும். லமினேற் செய்யாதீர்கள், பிறகு பிரித்தெடுக்க முடியாது. சுத்தமான கடுதாசியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஆர், எங்கே, எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். பேனை வேண்டாம், முன்பக்கம் ஊறிவிடும்.

நாளைக்கு உங்கள் பிள்ளை அந்தப் படத்தைத் திருப்பிப் பார்க்கும். அப்போது உங்கள் கையெழுத்து அங்கே இருக்கட்டும்.