பெரிய எட்டா வைங்க ஐயா

திங்கள்

அப்பாவுக்கு பார்க்கின்சன் நோய். அதற்கான லெவோடோபா மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆனால்தான் அவருக்கு உடம்பு இளகிக் கொடுக்கும். அதற்குத் தோதாக ட்ரெட்மில் பயிற்சிக்கு நேரம் கேட்டு வாங்கியிருந்தேன். மார்பைச் சுற்றி வார் மாட்டி மேலே கம்பியில் கொக்கி போட்டார்கள். விழமாட்டோம் என்ற நம்பிக்கை வந்த பிறகே கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்தார். “ஐயா, கீழ பாக்காதீங்க, நேரா பாருங்க. பெரிய எட்டா வைங்க” என்று பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டில் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நகர்கிற மனிதர், ட்ரெட்மில் பெல்ட் ஓடத் தொடங்கியதும் குதிகாலை ஊன்றி நடந்தார்.

புதன்

இந்த நோயில் முன்னால் சாய்ந்த உடம்பையும் நடை தானாக ஓட்டமாகிவிடுவதையும் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-லேயே எழுதியிருக்கிறார். நடுமூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிய அழிய, நினைக்காமலே வரும் நடையின் தாளம் கெடுகிறது. அந்தத் தாளத்தை பெல்ட் வெளியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது என்பது ஒரு விளக்கம். குளியலறை வாசலில் அப்பாவின் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பெல்ட்டைப் போலவே வெளியிலிருந்து ஒரு தூண்டல் தர, அங்கே குறுக்கே மஞ்சள் டேப் ஒட்டினோம். அதைத் தாண்ட வேண்டும் என்று நினைத்ததும் கால் எழும்புகிறது.

வெள்ளி

2015-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 18 ஆய்வுகளை, 633 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. ட்ரெட்மில் பயிற்சியால் நடைவேகம் நொடிக்குச் சுமார் 9 செ.மீ. கூடியது, எட்டின் நீளமும் கூடியது. நடக்கும் தூரம் கூடியதாக உறுதிப்படவில்லை. 9 செ.மீ. அற்பமல்ல. பத்து நொடி நடந்து சாலையைக் கடக்கிறவர் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் முன்னால் இருப்பார். பஸ் வருகிற சாலையில் அது பெரிய தூரம்.

2018-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு இன்னொன்று. மருந்தே தொடங்காத, புதிதாக நோய் தெரிந்த 128 பேர். அவர்களில் உச்ச இதயத்துடிப்பில் 80 முதல் 85 சதவீதம் எட்டும்படி ட்ரெட்மில்லில் நடந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் உடல் அசைவுக் கோளாறு ஏறக்குறைய அப்படியே நின்றது. வழக்கம்போல இருந்தவர்களுக்குக் கூடியது. இதயத்தைச் சோதிக்காமல் யாரும் இதில் இறங்கக் கூடாது. ஆனாலும் மனம் கொதிக்கிறது. அப்பாவுக்கு நோய் தெரிந்த அன்று சீட்டில் மாத்திரைகள் இருந்தன. பயிற்சியைப் பற்றி “நல்லா நடங்க” என்ற ஒரு சொல்தான் கிடைத்தது. எவ்வளவு வேகம், எத்தனை நிமிடம், வாரத்தில் எத்தனை நாள் என்று மாத்திரை அளவைப் போலவே அதையும் எழுதித் தரவேண்டும், முதல் நாளிலேயே.

ஞாயிறு

பயிற்சி மையம் விடுமுறை. கூடத்தில் நடக்கவைத்தேன். நேராகப் போகும்போது எட்டு நீளமாகவே விழுந்தது. திரும்பும் இடத்தில்தான் கால்கள் பின்னி, சுவரைப் பிடித்தார். பெல்ட் நேராகவே ஓடுகிறது, திரும்பக் கற்றுக்கொடுக்காது. அகலமாக வளைந்து திரும்பும் பயிற்சியைத் தரையில் தனியாகத் தர முடியுமா என்று நாளைக்கு அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டும்.