கோல்ஃப் கிளப் கேப்டனுக்கு என்ன வேலை?

1/ இன்னைக்கு கோல்ஃப் பத்தி ஒரு நீள த்ரெட். திருவண்ணாமலைப் பக்கம் அரசு மருத்துவமனையில வேலை பாக்குற டாக்டருக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. நான் அந்த மட்டையைத் தொட்டது கூட இல்லை. ஆனா அந்த கிளப்புகள்ல 'கேப்டன்'னு ஒரு பதவி இருக்கு. அது நம்ம ஊருக்கும் வேணும்ங்கறது என் ஆசை. ஏன்னு சொல்றேன்.

2/ கிரிக்கெட் கேப்டன் பௌலரை மாத்துவார், ஃபீல்டிங் நிறுத்துவார். கோல்ஃப்ல அவங்கவங்க பந்தை அவங்கவங்க அடிக்கணும். அப்போ கேப்டனுக்கு என்ன வேலை? அவர் மொத்த கிளப்புக்கும் ஒரு வருஷத் தலைவர். அந்த வருஷத்தோட முதல் பந்தை அவர்தான் அடிப்பார். பக்கத்து கிளப்போட மேட்ச் ஏற்பாடு செய்வார், வந்தவங்களோட உக்காந்து சாப்பிடுவார். 'கேப்டன்ஸ் டே' நடத்துவார், பரிசு கொடுப்பார், நன்கொடை திரட்டுவார். வருஷம் முடிஞ்சதும் அடுத்தவரிடம் ஒப்படைச்சுட்டு நகர்ந்துடுவார். சுவர்ப் பலகையில அவர் பேர் மட்டும் நிக்கும்.

3/ ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ்ல இது பெரிய சடங்கு. ஒவ்வொரு செப்டம்பரும் புது கேப்டன் ஒரே ஒரு பந்தை அடிப்பார். கூடவே பீரங்கி வெடிக்கும். மைதானத்துல காத்திருக்கிற கேடிகள் (ஆட்டக்காரரோட பையைத் தூக்கிட்டு வர்றவங்க) பந்தைப் பிடிக்க ஓடுவாங்க. எடுத்துக் கொடுக்கிறவருக்கு ஒரு தங்கக் காசு. வேடிக்கை என்னன்னா, கணக்குப்படி இது ஒரு போட்டி. கலந்துக்கிறவர் அந்த ஒருத்தர்தான்!

4/ இது ஏன் போட்டி? 1744-ல எடின்பரோ நகர நிர்வாகம் வெள்ளியில ஒரு கோல்ஃப் மட்டையைப் பரிசா வச்சது. ஜெயிக்கிறவர் அந்த வருஷத்துக்கு கேப்டன். ஆட்டத்துல வர்ற தகராறுகளுக்குத் தீர்ப்பு சொல்றதும் அவர்தான். முதல் போட்டியில ஜெயிச்சவர் பேர் ஜான் ராட்ரே. தொழில்? அறுவை சிகிச்சை மருத்துவர். நம்ம ஆளு!

5/ கோல்ஃபுக்கு முதன்முதலா எழுதப்பட்ட 13 விதிகளின் கீழே இருப்பது அவர் கையெழுத்து. அதுல ஒரு விதி, பந்தை மனுஷனோ குதிரையோ நாயோ தடுத்துட்டா, நின்ன இடத்துல இருந்தே அடிக்கணும்னு சொல்லுது. நம்ம தெருவுல கிரிக்கெட் ஆடினவங்களுக்கு இந்த விதியோட அருமை புரியும்.

6/ அடுத்த வருஷமே நாட்டுல உள்நாட்டுப் போர். அரியணையை இழந்த ஸ்டூவர்ட் குடும்பத்து இளவரசர் சார்லஸ் படை திரட்டி வந்தார். காயம்பட்டவங்களுக்கு வைத்தியம் பாக்கப் போன ராட்ரே, இளவரசருக்கே மருத்துவர் ஆனார். 1746 ஏப்ரல்ல கல்லோடன் போர்ல அந்தப் படை நொறுங்கிப் போச்சு. ராட்ரே கைதானார். அப்போ கிளர்ச்சிக்காரங்கள்ல பலருக்குக் கிடைச்சது தூக்கு, இல்லைன்னா நாடு கடத்தல்.

7/ அவருக்காகப் பரிந்து பேசினவர் டங்கன் ஃபோர்ப்ஸ். ஸ்காட்லாந்தின் தலைமை நீதிபதி. போர்ல அரசாங்கத்தின் பக்கம், அதாவது எதிரணி. ஆனா அதே கோல்ஃப் வட்டத்து ஆள். சிறைவாசத்துக்குப் பிறகு ராட்ரே உயிரோட வெளியே வந்தார். 1751-ல அதே வெள்ளி மட்டையைத் திரும்பவும் ஜெயிச்சார்.

8/ இந்தக் கதையில எனக்குப் பிடிச்சது ஆட்டம் இல்லை. ஒருத்தர் காணாம போனா, 'அவர் எங்கே?'ன்னு கேக்க ஒரு கூட்டம் இருந்துச்சு பாருங்க, அதுதான்.

9/ இந்தியாவுக்கு கோல்ஃப் கிளப் வந்தது 1829-ல, கல்கத்தாவுக்கு. நம்ம கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895. எல்லாம் வெள்ளைக்காரங்க தங்களுக்காகக் கட்டினது. நம்ம ஆளுங்க பையைத் தூக்கத்தான் உள்ளே போனாங்க. பெங்களூருல அப்படிப் பை தூக்கின முனியப்பா, 2009-ல இந்தியன் ஓபன் பட்டத்தையே ஜெயிச்சார். தென்னாப்பிரிக்காவுல இந்திய வம்சாவளிக்காரரான பாப்வா செவ்கோலம் 1963-ல நேட்டால் ஓபனை ஜெயிச்சப்போ, நிறவெறிச் சட்டத்தால அவரை கிளப் கட்டடத்துக்குள்ள விடலை. வெளியே மழையில நிக்க வச்சு கோப்பையைக் கொடுத்தாங்க. அந்தப் பூட்டின கதவு நமக்கு வேண்டாம். அந்த கேப்டன் பதவி மட்டும் போதும்.

10/ இப்போ மருத்துவம். ஸ்வீடன்ல சுமார் 3 லட்சம் கோல்ஃப் ஆட்டக்காரர்களை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. அதே வயசு, அதே பாலினம், அதே சமூக நிலையில இருக்கிற மத்தவங்களை விட இவங்க இறப்பு விகிதம் சுமார் 40 சதவீதம் குறைவு. கோல்ஃப் ஆடினதாலதான்னு இதை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆரோக்கியமா இருக்கிறவங்கதான் ஆடவே வருவாங்க. ஆனா நடை, வெளிக்காற்று, ஆள் பழக்கம் மூணும் ஒண்ணா கிடைக்குதுங்கறதை மறுக்க முடியாது.

11/ அந்த மூணும் நம்ம ஊர்லயும் இருக்கே! கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். காலையில நடக்க வர்றவங்க, ஷட்டில் குழு, வாலிபால் குழு, டீக்கடை பெஞ்ச். இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான். இன்னைக்கு யார் வரலைன்னு பாக்கிற பொறுப்பு யாருக்கும் கிடையாது.

12/ அது ஏன் முக்கியம்? பக்கவாதம் வந்தவரைக் கூட்டிட்டு வந்தா நாங்க முதல்ல கேக்கிற கேள்விகள்ல ஒண்ணு: "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" மூளை ரத்தக்குழாய்ல அடைப்பு இருந்தா, கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பொதுவா 4.5 மணி நேரத்துக்குள்ள போடணும். அந்தக் கணக்கு, நீங்க அவரைப் பாத்த நேரத்துல இருந்து இல்லை. அவர் நல்லா இருந்ததை யாரோ கடைசியா பாத்த நேரத்துல இருந்து. பதில் தெரியலைன்னா, ஊசி கையில இருந்தும் பல நேரம் போட முடியாது.

13/ தனியா இருந்த ஒரு ஓய்வுபெற்ற ஐயா. பிள்ளைங்க வெளியூர். கூட்டிட்டு வந்தவர் சொன்னது: "காலைல பால் போட வந்த பையன்தான் பாத்தான் சார். எப்ப விழுந்தார்னு தெரியல." எங்களுக்கும் தெரியல. ஊசி போட வழியில்லை. உயிர் பிழைச்சார், வலது கை திரும்பலை.

14/ இன்னொருத்தர். அவரும் தனியா இருக்கிறவர்தான், கிட்டத்தட்ட அதே வயசு. ஷட்டில் குழுவுல இருந்து நாலு பேர் கூட வந்தாங்க. "டாக்டர், ஆறே கால் வரைக்கும் எங்ககூட நல்லா ஆடிட்டு வீட்டுக்குப் போனார். வழக்கமா டீக்கு வந்துடுவார். ஆளைக் காணோம்னு போன் போட்டோம், பேச்சு குழறுச்சு, உடனே போய் தூக்கிட்டு வந்துட்டோம்." நேரம் தெளிவா இருந்துச்சு. ஸ்கேன், ஊசி எல்லாம் வரிசையா நடந்துச்சு. சில வாரத்துல தானே நடந்து ரிவ்யூவுக்கு வந்தார். ஒரு டீ காப்பாத்தின ஆள்னு எங்க வார்டுல சிரிப்போம்.

15/ எல்லாருக்கும் இப்படியே முடியும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனா முதல் ஐயாவுக்கு அந்த வாய்ப்பே இல்லாம போச்சு.

16/ அதனால உங்க நடைக் குழு, ஷட்டில் குழு, கோலாட்டக் குழு எதுவா இருந்தாலும் ஒரு கேப்டனைப் போடுங்க. பெண்கள் குழுன்னா அவங்கள்லயே ஒருத்தர். வேலை இவ்வளவுதான்:

– எல்லாருடைய வீட்டு நம்பர், பிள்ளைங்க நம்பர், பக்கத்து வீட்டு நம்பர் கையில இருக்கணும்.
– சொல்லாம வராதவருக்கு அன்னைக்கே போன். எடுக்கலைன்னா யாராவது வீட்டுக்குப் போகணும்.
– மாசம் ஒரு தடவை பக்கத்துக் குழுவோட மேட்ச். முடிஞ்சதும் சேந்து இட்லி.
– புதுசா வர்றவர் ஓரமா நிக்காம பாத்துக்கணும், முக்கியமா துணையை இழந்தவங்க.
– ஒரு வருஷம் முடிஞ்சதும் அடுத்தவருக்குக் கொடுத்துடணும். இது ரொம்ப முக்கியம். ஆயுள் தலைவர் வந்தா கூட்டம் ரெண்டா உடையும், உங்களுக்கே தெரியும்.

17/ நல்லா ஆடுறவரைத் தேட வேண்டாம். எல்லார் பேரும் ஞாபகம் இருக்கிறவரைத் தேடுங்க.

18/ கேப்டன் மட்டுமில்லை, எல்லாருமே மனப்பாடம் பண்ண வேண்டியது: திடீர்னு முகம் ஒரு பக்கம் கோணுதா, ஒரு கை தூக்க முடியலையா, பேச்சு குழறுதா? ஒண்ணு இருந்தாலும் 108-க்குப் போன். கை வைத்தியம் வேண்டாம், வாயில எதுவும் ஊத்த வேண்டாம், 'தூங்கி எழுந்தா சரியாயிடும்'னு விடவும் வேண்டாம். நல்லா இருந்த கடைசி நேரத்தைக் குறிச்சுட்டு வாங்க.

19/ உங்க குழுவுல யார் கேப்டன்னு கீழே எழுதுங்க. இன்னும் யாரும் இல்லைன்னா, இந்த வருஷம் நீங்களே பொறுப்பை எடுத்துக்குங்க.